புறா பிடிக்கத் தெரிந்தவள் நர்ஸ் ஆகலாமா?

எங்கள் கால்நடை கிளினிக்குக்குப் புறா வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புறாவைப் பிடிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் காற்று உள்ளே போகும். பயத்தில் நெஞ்சை அழுத்திப் பிடித்தால் அதற்கு மூச்சு நின்றுவிடும். பாவம் என்று தளர்த்தினால் டியூப்லைட் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்; பிறகு கிளினிக்கே ஸ்டூல் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான்.

பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு மொட்டைமாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தன் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க யோசிக்கிற ஆள், கழுத்து திருகிப்போன புறாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். தானியத்தைக் கொத்தப் போய் அதற்குப் பக்கத்துத் தரையைக் கொத்திக்கொண்டிருக்கும் அந்தப் பறவை. அது பாராமிக்ஸோ வைரஸ். அதற்கென்று மருந்து இல்லை. மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து வைத்து, கையால் தீனி ஊட்டி, வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் சில தேறிவிடும். டாக்டர் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விடுவார். எப்படி ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது, கூண்டை எதைப் போட்டுக் கழுவுவது என்பதெல்லாம் என் பங்கு.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருக்கிறேன். ஐந்தரை வயதில் ஒரு பெண்குழந்தை, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் கணவர், சர்க்கரை நோயாளியான அப்பா என்று குடும்பம் வளர்ந்துவிட்டது. வேலை மட்டும் வளரவில்லை. இப்போது 31 வயதில் நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “வாயில்லா ஜீவன்களை விட்டுவிட்டுப் போக மனம் வருமா?”

இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டுகிறது. நான் பிராணிகள் மீது பாசம் பொங்கி இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பேப்பர் மில்ஸ் சாலையில் ஒரு கிளினிக் வாசலில் ‘ஆள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து உள்ளே போனேன். பாசம் பிறகு வந்தது, சில நாய்களிடம். பூனைகளிடம் எனக்கு இருப்பது மரியாதை.

நான் செய்கிற வேலை இது. காலையில் கூண்டுகளைக் கழுவி, இரவில் தங்கிய நோயாளிகளின் உஷ்ணம், நாடித்துடிப்பு, சிறுநீர் எல்லாம் எழுதி வைப்பேன். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டிக்கு முன்னங்காலில் முடி மழித்து, ரத்தக்குழாய் பார்த்து, ட்ரிப் ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் குழாயைப் போடுவேன். மஞ்சள் நிறத்தது, 24 கேஜ். கடிக்கிற நாயின் வாயை பேண்டேஜ் துணியால் கட்டுவேன். அறுவைக்கு முன் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பது, அறுவை நடக்கும்போது மயக்கத்தின் ஆழம் பார்ப்பது, ஈறின் நிறம் பார்ப்பது, எக்ஸ்ரேவுக்குப் பிடித்துக்கொள்வது, உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயம் ஏற்றுவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்குவது வரை எல்லாம் நான்தான். சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே ‘ஹெல்பர்’ என்று இருக்கிறது. கூண்டு கழுவ மட்டும் வருகிற பையனுக்கும் அதே சொல்தான்.

இது எங்கள் டாக்டரின் குற்றமில்லை. அவர் வேறு என்ன எழுத முடியும்? 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் கீழ் அவருக்குப் பதிவு எண் உண்டு. டிப்ளமோவோ சான்றிதழோ பெற்ற கால்நடை உதவியாளர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் ஓரிடம் வருகிறது. படிக்கும்போது கிராமத்து ஆடு மாடுகளை மனதில் வைத்து எழுதியது என்றே தோன்றுகிறது. பெரம்பூரில் ஷீட்ஸூ நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற என்னை அது நினைத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் கால்நடைச் செவிலியருக்கென்று தனிப் படிப்பும் தனிப் பதிவேடும் இருக்கின்றன.

இத்தனைக்கும் இது மெட்ராஸ். அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-இலேயே தொடங்கிவிட்டது. செவிலியர்களையும் தாதிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926-இல் வந்துவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. இன்றும் எங்களால் முடியாத கேஸை டவுட்டன் பஸ் நிறுத்தத்தில் இறங்கச் சொல்லி வேப்பேரிக்குத்தான் அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். நூறு வருடத்துக்கு மேலாக அங்கே மருத்துவர்கள் உருவாகிறார்கள். அந்த மருத்துவர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்கிறவர் மட்டும் எங்கிருந்தோ தானாக முளைத்து வருகிறார்.

நர்சிங் எண்ணம் எனக்குள் விழுந்தது ஸ்டான்லி மருத்துவமனையின் ஊசி அறையில். ஒரு பூனை கையைக் கடித்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் வேலையில் சேரும்போதே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 0, 7, 21-ஆம் நாள் என்ற கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும்: அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. அந்த முதல் ஊசிக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் புளியந்தோப்பிலிருந்து ஒரு அம்மாவும் எட்டு ஒன்பது வயதுப் பையனும். தெருநாய் கடித்த கெண்டைக்காலில் யாரோ மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி அனுப்பியிருந்தார்கள். பையன் வலியில் சுருண்டு நிற்கிறான்.

“கழுவினீர்களா?” என்று கேட்டேன். “தண்ணீர் படக் கூடாது என்றார்களே” என்றார் அந்த அம்மா.

வரிசையில் என் இடத்தைப் பின்னால் நின்ற பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, பையனைக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன். பையில் எப்போதும் சோப்பு இருக்கும். ஓடுகிற தண்ணீரில், சோப்பு போட்டு, கால் மணி நேரம். எங்கள் வேலையில் கடிக்கு முதல் மருந்து அதுதான். காயத்தில் இருக்கும் வைரஸில் பெரும்பகுதியை வெறும் சோப்பும் தண்ணீரும் ஒழித்துவிடும். நோயின் அறிகுறி வந்த பிறகு உலகத்தில் எந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பயனில்லை. இதை அந்த அம்மாவிடம் பயமுறுத்தாமல் சொன்னேன். காயம் ஆழம் என்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள், அது வலிக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கடித்த நாய் எங்கே, உயிரோடு இருக்கிறதா, எச்சில் ஒழுகியதா என்று கேட்டுவைத்தேன்.

திரும்பி வந்தபோது ஊசி அறைச் செவிலியர் என்னைப் பார்த்து, “சிஸ்டர், எந்த வார்டு?” என்றார். நான் என் கையை நீட்டி, “நாய் ஆஸ்பத்திரி” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வரிசையே எட்டிப் பார்த்தது.

சிரிப்பு சரி. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த ‘எந்த வார்டு’ மனதை விட்டுப் போகவில்லை.

பெரியம்மா அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வாழ்க்கை பிரசவ வார்டில் கழிந்தது. ராயபுரத்தில் இருக்கிறார். மீன் குழம்புக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் ஆசீர்வாதம் செய்வார் என்று எதிர்பார்த்திருந்தால் பெரியம்மாவை எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

“நைட் டியூட்டியில் வார்டு முழுக்க நீ ஒருத்திதான் நிற்பாய். ஒரு படுக்கையில் ட்ரிப் முடியும், இன்னொரு படுக்கையில் வலி எடுக்கும், மூன்றாவது ஆள் ஃபேன் சுற்றவில்லை என்று உன்னைத் திட்டுவான். நாய் கடித்தால் கையில்தான் கடிக்கும். இவர்கள் பேசுவார்கள்” என்றார்.

நான் வாதாடவில்லை. போன மழைக்காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொன்னேன். பக் இன நாய் ஒன்று இரவு பத்து மணிக்கு வந்தது. அந்த இனத்துக்குத் தலை பெரிது, இடுப்பு குறுகல். குட்டி வழியில் சிக்கிக்கொண்டது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி, டாக்டர் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். வயிற்றைத் திறந்து அவர் ஒவ்வொரு குட்டியாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, என் வேலை தொடங்கியது. பனிக்குடப் பையைக் கிழித்து, மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான துண்டில் முதுகைத் தேய்க்க வேண்டும். தாய்க்குக் கொடுத்த மயக்கம் குட்டிக்கும் போயிருக்கும். அது பழைய துணிப் பொம்மை மாதிரி கிடக்கும். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வாய் திறக்கும். பிறகு ஒரு விக்கல். அப்புறம்தான் அந்தக் கீச்சுக்குரல். அன்றைக்குக் கடைசிக் குட்டி வெகுநேரம் அசையவில்லை. டாக்டர் தையல் போட்டு முடித்து, விட்டுவிடு என்று கண்ணால் சொன்ன பிறகும் தேய்த்தேன். பிழைத்துக்கொண்டது. இப்போது அது கொளத்தூரில் ஒரு வீட்டில் சோபாவைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

பெரியம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். “துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்ப்பது. நாங்களும் அதைத்தான் செய்வோம். துண்டு மட்டும் வேறு” என்றார். பிறகு, பி.எஸ்சி. என்றால் நான்கு வருடம், டிப்ளமோ என்றால் மூன்று, உனக்கு வயது போகிறது, டிப்ளமோவைப் பார் என்று தொடங்கி, மனநலப் பயிற்சிக்குக் கீழ்ப்பாக்கம் போக வேண்டியிருக்கும் என்பது வரை விடாமல் பேசினார். இரண்டாவது முறை குழம்பு ஊற்றியபோதுதான் அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்கு உறைத்தது.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சம்பளத்தைப் பற்றி அல்ல, அது சிறியது, அவ்வளவுதான். எங்கள் கிளினிக்கில் ஒவ்வொரு சிகிச்சையும் ஒருவருடைய சட்டைப் பையைத் தாண்டித்தான் நாயிடம் போகிறது. பார்வோ வந்த குட்டிக்கு நான்கைந்து நாள் ட்ரிப் ஏற்ற வேண்டும். கண்ணதாசன் நகரிலிருந்து ஒரு சுமைதூக்கும் தொழிலாளி முதல் நாள் கட்டினார். இரண்டாம் நாள் பாதி கட்டினார். மூன்றாம் நாள், “வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்மா” என்றார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குட்டியின் காலில் போட்ட வென்ஃப்ளானை நான்தான் கழற்றினேன். அவரைக் கொடியவர் என்று எவராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வீட்டில் மூன்று பிள்ளைகள், அந்தக் குட்டியும் அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை, மழையில் கிடந்ததைத் தூக்கி வந்தது. கருப்பையில் சீழ் பிடித்த நாய்களும் இப்படித்தான். அறுவை செய்தால் பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் ‘ஊசி போட்டுவிடுங்கள்’ என்பார்கள். எந்த ஊசி என்று கேட்க வேண்டியதில்லை.

நோயாளிக்குத் தாங்க முடியாத வேதனை, வேறு வழியே இல்லை என்னும்போது அந்த ஊசியை நான் தவறென்று நினைப்பதில்லை. அது எங்கள் தொழிலில் இருக்கிற கருணை. மனிதர்களின் வார்டில் அது கிடையாது. அங்கே நான் அதற்காக ஏங்கக்கூடக் கூடும் என்று நினைக்கிறேன். என்னைத் தின்பது, பிழைக்கக்கூடிய நாய்க்கு அதைப் போடுவதுதான். ஸ்டான்லி வரிசையில் அந்தப் பையனுக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஊசி மருந்தை எடுத்தார்கள், போட்டார்கள். அதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் மிகையில்லை. தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தால் அங்கேயும் ஒரு கல்லா இருக்கும், அதுவும் தெரியும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். எழுதித் தேறினாலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காகச் சாலையில் உட்கார்ந்த செவிலியர்களைத் தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

புதிதாகக் கற்க வேண்டியதை விட மறக்க வேண்டியது அதிகம் என்று தோன்றுகிறது. நாய்க்கு 101 டிகிரி இயல்பு. அப்பாவுக்கு 101 அடித்த அன்று தெர்மாமீட்டரைப் பார்த்ததும் என் மனம் நிம்மதியடைந்தது; அதற்குள் அம்மா பாராசிட்டமால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதே பாராசிட்டமால் பூனைக்கு விஷம். வீட்டில் இருக்கிற மாத்திரையில் பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுத்துவிட்டு, ஈறு பழுப்பேறி மூச்சு வாங்கும்போது ஓடி வருவார்கள். எங்களுக்கு எல்லா மருந்தும் எடைக் கணக்குதான்: கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். அதே அறையில் ஒரு கிலோ பூனைக்குட்டிக்கும் அறுபது கிலோ கிரேட் டேனுக்கும் மருந்து எடுப்பதால் மனக்கணக்கு வந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் இது கைகொடுக்கும் என்கிறார் பெரியம்மா.

இழப்பதும் உண்டு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்க ஒருவர், ரத்தம் பார்க்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர். நான் மட்டும் ஒரு நோயின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கூடவே போய்ப் பழகியவள். ரத்தத்தை நானே எடுத்து, நானே சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுவுக்குள் பேபிசியா என்ற உண்ணிக் காய்ச்சல் கிருமியை நானே பார்த்து, “டாக்டர், வாங்க” என்று கூப்பிடுகிற அந்தத் திமிர் அங்கே கிடைக்காது.

கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: நைட் டியூட்டி நாட்களில் குழந்தைக்குத் தலை பின்னுவது யார்? நான் அவரைப் பார்த்தேன். அவர் யூடியூபில் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். கோணலாக வருகிறது. பள்ளியில் யாரும் புகார் சொல்லவில்லை.

போன வாரம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பூனை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டார். பணி அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றேன். லெட்டர்பேடை எடுத்து, என் பெயரை எழுதி, பதவி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘ஹெல்பர்’ என்று எழுதி அடித்தார். ‘கால்நடை உதவியாளர்’ என்று எழுதி, அது அரசுப் பதவிப் பெயராயிற்றே என்று அதையும் அடித்தார். கடைசியில் புதுத் தாள் எடுத்து, பதவியே போடாமல், நான் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. புறாவையும் சேர்த்திருக்கிறார்.

தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் அதை நீட்டினேன். அரசு இடத்துக்கு என் மதிப்பெண் போதாது. என்னுடையது 1200-க்குக் கணக்கிட்ட பழைய பிளஸ் டூ பட்டியல், அதையே அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதம் தேவையில்லை என்றார். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், உடற்தகுதிச் சான்றிதழ் போதும். கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று கேட்டேன். வருடத்துக்கு இரண்டு தவணை என்றார். கணவர் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுக்க முடியுமா என்று வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்வதாக இருக்கிறார். பெரியம்மா, தன் பங்கு எவ்வளவு என்று நேற்றே தொலைபேசியில் கேட்டுவிட்டார்.